'ஜி7 ஆல்ட்' என்று எழுதியிருந்தால்

ஜாஸ் வாசிப்பவர் முன்னால் இருக்கும் லீட் ஷீட்டில், அதாவது மெட்டும் கார்டுகளின் பெயரும் மட்டும் எழுதிய தாளில், வெறும் ஜி7 இருக்கும்வரை கை தன்பாட்டுக்கு ஓடும். பக்கத்தில் 'ஆல்ட்' (ஆல்டர்டு, அதாவது மாற்றப்பட்டது) என்று மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டதும் பலருக்குக் கை நின்றுவிடும். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "அரை ஸ்டெப் மேலே போய் மெலடிக் மைனர் வாசி." அரை ஸ்டெப் என்பது பியானோவில் அடுத்த கட்டை, மெலடிக் மைனர் ஏழு சுர ஸ்கேல் ஒன்று. ஜி7 என்றால் ஏ ஃப்ளாட் மெலடிக் மைனர். பதில் சரிதான், ஏழு சுரமும் தப்பில்லாமல் வந்துவிடும். ஆனால் அதை மட்டும் நம்பி வாசிக்கிறவரின் சோலோவில் பாதி நேரம் ஜி7 எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அவர் பாட்டுக்கு ஏ ஃப்ளாட் மைனரில் வேறொரு பாட்டை நடத்திக்கொண்டிருப்பார். விலாசம் கொடுத்துவிட்டார்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அதனால் ஏ ஃப்ளாட்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு ஜி7-லிருந்தே தொடங்குவோம்.

ஜி7-இல் இருப்பவை ஜி, பி, டி, எஃப். மேலே இன்னும் அடுக்கினால் 9-ஆக ஏ, 13-ஆக இ. இத்தனையில் இந்தக் கார்டை டாமினன்ட், அதாவது சி என்ற வீட்டுக்குப் போகத் துடிக்கும் கார்ட், ஆக்குபவை பி-யும் எஃப்-உம்தான். இரண்டுக்கும் நடுவே ஆறு அரை ஸ்டெப், அதாவது ட்ரைட்டோன். பி அரை ஸ்டெப் ஏறி சி-யில் உட்காரப் பார்க்கும். எஃப் அரை ஸ்டெப் இறங்கி இ-யில் உட்காரப் பார்க்கும். ஜி கீழே அஸ்திவாரம். இந்த மூன்றிலும் கைவைத்தால் கார்டே போய்விடும். டி-யும் ஏ-யும் அப்படியில்லை. அவை கார்டுக்கு நிறம் தருபவை, எடுத்துவிட்டாலும் ஜி7 ஜி7-ஆகவே கேட்கும். ஆல்டர் செய்வது என்றால் இந்த இரண்டை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றின் இடத்திலும் அதற்கு மேலும் கீழும் உள்ள அரைச் சுரங்களை வைப்பது. ஏ போய் ஏ ஃப்ளாட்டும் ஏ ஷார்ப்பும் வரும். டி போய் டி ஃப்ளாட்டும் டி ஷார்ப்பும் வரும். 13-ஆன இ-க்கும் இனி இடமில்லை. அசையாதவை மூன்று, பிளந்தவை நான்கு. கூட்டினால் ஏழு. ஆல்டர்டு ஸ்கேல் இவ்வளவுதான்.

வரிசையாக எழுதினால் (ஏ ஷார்ப்பும் பி ஃப்ளாட்டும் ஒரே கட்டை, டி ஷார்ப்பும் இ ஃப்ளாட்டும் அப்படியே): ஜி, ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், பி, டி ஃப்ளாட், இ ஃப்ளாட், எஃப், மறுபடி ஜி. இடைவெளிகள் அரை, முழு, அரை, முழு, முழு, முழு, முழு. முன்பாதி டிமினிஷ்டு ஸ்கேல் மாதிரி அரையும் முழுதுமாக மாறி மாறிப் போகிறது, பின்பாதி ஹோல் டோன் மாதிரி முழு ஸ்டெப்பாகவே தாண்டுகிறது. ஜாஸ் ஆசிரியர் ஜேமி ஏபர்சோல்டின் பயிற்சிப் புத்தகங்களில் இதற்கு 'டிமினிஷ்டு ஹோல் டோன்' என்று பெயர் இருப்பது அதனால்தான். 'சூப்பர் லோக்ரியன்' என்றும் சொல்வார்கள். பாஸ்டனில் பெர்க்லீயில் கற்பித்த டிரம்பெட் கலைஞர் ஹெர்ப் பொமராய் பெயரால் 'பொமராய் ஸ்கேல்' என்பவர்களும் உண்டு. பெயர் எதுவானாலும் சுரம் மாறாது.

ஸ்கேலில் இருப்பதைவிட இல்லாததைக் கவனித்தால் அதன் குணம் இன்னும் நன்றாகப் பிடிபடும். பன்னிரண்டில் ஏழு போக மிச்சம் ஐந்து: ஏ, சி, டி, இ, எஃப் ஷார்ப். சி மேஜர் பென்டடானிக்கைச் சொல்லிப் பாருங்கள்: சி, டி, இ, ஜி, ஏ. இதில் ஜி ஒன்றைத் தவிர மற்ற நான்குமே ஆல்டர்டு ஸ்கேலில் இல்லை. போய்ச் சேரவேண்டிய வீட்டில் இருக்கும் எதையும் வழியில் காட்டுவதில்லை. அதனால் சி வந்ததும் எல்லாமே புதுசாகக் கேட்கிறது. டி-யையோ இ-யையோ முன்கூட்டியே தொட்டுவிட்டால் அந்தப் புதுசு கெட்டுப்போகும்.

சி மைனருக்குப் போகும்போது கதையே வேறு. ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், இ ஃப்ளாட், எஃப், ஜி எல்லாம் சி மைனரின் சொந்தச் சுரங்கள். பி-யும் ஹார்மானிக் மைனரில் இருக்கிறது. டி ஃப்ளாட் ஒன்றுதான் வெளியாள். ஆகவே ஒரே ஸ்கேல் மைனருக்குப் போகும்போது இயல்பாகவும், மேஜருக்குப் போகும்போது நான்கு வெளியாட்களுடன் காரமாகவும் கேட்கும். புதிதாகக் கற்கிறவர்கள் மைனரில் தொடங்குவது நல்லது. சி மேஜரில் தொடங்கினால் இ ஃப்ளாட் ஒவ்வொரு தடவையும் பிழைபோலவே கேட்டு, பாதியில் விட்டுவிடத் தோன்றும்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழியும் ஒரு எச்சரிக்கையும். ஜி-யை சட்ஜமாக வைத்தால் இந்த ஸ்கேல்: சட்ஜம், சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம், பிரதி மத்தியமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். காந்தாரம் இரண்டு, பஞ்சமம் கிடையாது. சாதாரண காந்தாரத்துக்கு ஷட்ஸ்ருதி ரிஷபம் என்று பெயர் மாற்றினால் ரிஷபம் இரண்டாகிவிடும். எப்படி எழுதினாலும் 72 மேளகர்த்தாவில் இதற்கு இடமில்லை. வந்த வழி மட்டும் நமக்குப் பழக்கமானது. ஜாஸ்காரர்கள் மெலடிக் மைனரின் ஏறுமுகத்தையே இறங்கும்போதும் வாசிப்பார்கள். அது 23-வது மேளமான கௌரிமனோகரிதான். அதில் கிரகபேதம் செய்தால், அதாவது வேறொரு சுரத்தை சட்ஜமாக வைத்து எண்ணினால், ரிஷபத்திலிருந்து நாடகப்பிரியா, மத்தியமத்திலிருந்து வாசஸ்பதி, பஞ்சமத்திலிருந்து சாருகேசி கிடைக்கும். காந்தாரம், தைவதம், நிஷாதம் மூன்றிலிருந்தும் பஞ்சமம் விழாததால் மேளம் எதுவும் கிடைக்காது. அப்படி நாம் ஒதுக்கிவைத்த நிஷாத பேதம்தான் ஜாஸின் ஆல்டர்டு ஸ்கேல்.

எச்சரிக்கை இது. ராகத்தில் சட்ஜம் கச்சேரி முழுக்க ஓடும். இங்கே நாலு கவுண்ட் பாரில் (நம் ஆவர்த்தம் மாதிரி ஒரு அளவு), நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், ஜி சட்ஜமாக இருப்பது 2 விநாடிதான். சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு இந்த ஏழு சுரத்தில் ஆலாபனை செய்துபார்த்தால் எங்கேயும் நிற்க இடம் கிடைக்காது. நிற்பதற்காக உண்டான ஸ்கேலே இல்லை இது. அடுத்த பாரில் சட்ஜம் சி-க்கு மாறும் என்ற நம்பிக்கையில்தான் இதன் உரசல் எல்லாம் இனிக்கிறது.

இனி பியானோவுக்கு வருவோம். நான்கு விரல் போதும். டி மைனர்9-க்கு மிடில் சி-க்குக் கீழே உள்ள எஃப்-இல் தொடங்கி எஃப், ஏ, சி, இ பிடியுங்கள். ரூட், அதாவது கார்டின் அடிச்சுரம், வேண்டாம், அது பேஸ்காரரின் வேலை. இப்போது எஃப்-ஐ அசைக்காமல் மற்ற மூன்று விரலையும் ஆளுக்கு அரை ஸ்டெப் இறக்குங்கள்: எஃப், ஏ ஃப்ளாட், பி, இ ஃப்ளாட். இதுதான் ஜி7 ஆல்ட். ஜி-யிலிருந்து எண்ணினால் எஃப் செவன்த் (ஏழாவது), ஏ ஃப்ளாட் என்பது ஃப்ளாட்9, பி தேர்ட் (மூன்றாவது), இ ஃப்ளாட் என்பது ஃப்ளாட்13. அடுத்து பி-யை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் மறுபடி அரை ஸ்டெப் இறக்கினால் இ, ஜி, பி, டி. அதாவது சி மேஜர்9. ஒவ்வொரு விரலாகப் பின்தொடர்ந்து கேளுங்கள். ஏ, ஏ ஃப்ளாட், ஜி என்று ஒரு குரல். இ, இ ஃப்ளாட், டி என்று இன்னொன்று. ஆல்டர் செய்யாத ஜி9 வாசித்தால் ஏ அப்படியே நின்று பிறகு ஒரு முழு ஸ்டெப் தாண்டி ஜி-க்குப் போகவேண்டும். ஆல்டர் செய்தபோது அதே பயணம் வழவழவென்று அரை அரையாக இறங்குகிறது. ஆல்டர்டு என்பதை யாராவது ஸ்கேலாக அல்லாமல் காதால் புரிந்துகொள்ள விரும்பினால், இந்த மூன்று கார்டையும் பத்து நிமிடம் மெதுவாக மாற்றி மாற்றி அழுத்தச் சொல்வேன். ஸ்கேல் அதற்கப்புறம் வரட்டும்.

அதே எஃப், ஏ ஃப்ளாட், பி, இ ஃப்ளாட் பிடியின் கீழே பேஸ்காரர் ஜி-க்குப் பதில் டி ஃப்ளாட் வாசித்தால் என்ன ஆகும்? டி ஃப்ளாட்9 ஆகிவிடும். எஃப் அதற்குத் தேர்ட், பி என்பது செவன்த். ஜி7-இன் செவன்த்தும் தேர்ட்டும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. ட்ரைட்டோன் சப்ஸ்டிட்யூஷன் என்று பெரிய பெயர் சொல்லிப் பயமுறுத்துவது இதைத்தான். பிடி ஒன்றுதான், கீழே ஒரே ஒரு சுரம் மாறுகிறது. ஸ்கேலிலும் அப்படியே: ஜி ஆல்டர்டின் ஏழு சுரத்தை டி ஃப்ளாட்டிலிருந்து எண்ணினால் லிடியன் டாமினன்ட், நம் கணக்கில் வாசஸ்பதி. ஆக, ஆல்டர்டும் ட்ரைட்டோன் சப்பும் இரண்டு தனிப் பாடங்கள் இல்லை.

இப்போது ஒரு வரி. டி மைனர்7 ஃப்ளாட்5 ஒரு பார், ஜி7 ஆல்ட் ஒரு பார், பிறகு சி மைனர். எல்லாம் எட்டாம் சுரங்கள், அடிக்கு இரண்டு, பாருக்கு எட்டு. முதல் பாரில் டி, எஃப், ஏ ஃப்ளாட், சி என்று ஏறி, மேல் டி தொட்டு, சி, ஏ ஃப்ளாட், ஜி என்று இறங்குங்கள். இரண்டாம் பாரில் எஃப், ஏ ஃப்ளாட், பி, இ ஃப்ளாட் என்று ஏற்றம். டி ஃப்ளாட், பி, பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட் என்று இறக்கம். மூன்றாம் பாரின் முதல் அடியில் ஜி. ஏறிய நான்கு சுரமும் இடது கை பிடித்திருக்கும் அதே நான்கு சுரம்தான் என்பதைக் கவனித்தீர்களா? முதல் அடியில் எஃப், இரண்டாம் அடியில் பி விழுகின்றன. பார் தொடங்கிய ஒரு அடிக்குள் இது ஜி7 என்று சொல்லியாயிற்று. அதன்பின் டி ஃப்ளாட்டோ பி ஃப்ளாட்டோ எவ்வளவு உரசினாலும் கேட்பவருக்கு வழி தவறாது. கடைசி ஏ ஃப்ளாட் அடிக்கு வெளியே விழுந்து, அரை ஸ்டெப் இறங்கி ஜி-யில் முடிகிறது. ஜி சி மைனருக்கும் சி மேஜருக்கும் ஃபிஃப்த் என்பதால் முடிவு இரண்டுக்கும் பொருந்தும்.

அதே சுரங்களை வைத்துக் கெடுக்கவும் செய்யலாம். ஏ ஃப்ளாட்டில் தொடங்கி ஏ ஃப்ளாட் வரை நேராக ஸ்கேல் ஏறுங்கள். முதல் அடியில் ஏ ஃப்ளாட், இரண்டாம் அடியில் பி, மூன்றில் இ ஃப்ளாட். அடியில் விழுந்த மூன்றும் சேர்ந்தால் ஏ ஃப்ளாட் மைனர் டிரையட், அதாவது மூன்று சுரக் கார்ட்! ஒரு சுரம்கூடத் தப்பில்லை, ஆனால் ஊர் தப்பு. முதல் பத்தியில் சொன்ன வியாதி இதுதான்.

கிட்டார்காரர்களும் சாக்ஸபோன்காரர்களும் விரும்பும் குறுக்குவழிகளிலும் இதே ஆபத்து உண்டு. ஜி7 ஆல்ட் மேல் பி ஃப்ளாட் மைனர் பென்டடானிக் வாசிக்கலாம்: பி ஃப்ளாட், டி ஃப்ளாட், இ ஃப்ளாட், எஃப், ஏ ஃப்ளாட். பிளந்த நான்கும் செவன்த்தும் ஒரே பிடியில் கிடைக்கின்றன. டி ஃப்ளாட் மேஜர் டிரையட்டையும் இ ஃப்ளாட் மேஜர் டிரையட்டையும் மாற்றி மாற்றியும் வாசிக்கலாம். ஆனால் இரண்டிலுமே பி இல்லை. தேர்ட் இல்லாத ஆல்டர்டு காற்றில் தொங்கும். பியானோவோ கிட்டாரோ பின்னால் பி-யைப் பிடித்துக்கொண்டிருந்தால் அபாரமாக இருக்கும். பேஸும் டிரம்ஸும் மட்டும் இருந்தால் நீங்களே அங்கங்கே பி-யைத் தொட்டுக்காட்ட வேண்டும்.

எழுத்துக் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடுவோம். ஏ ஃப்ளாட் மெலடிக் மைனர் என்று முறையாக எழுதும்போது பி-யை சி ஃப்ளாட் என்றுதான் எழுதவேண்டும். அதைப் பார்க்கிறவருக்கு ஜி7-இன் தேர்ட் காணாமல் போய்விட்டது போல இருக்கும். போகவில்லை, முகமூடி போட்டிருக்கிறது. அதேபோல் ஷார்ப்9-ஐ ஏ ஷார்ப் என்று எழுதாமல் பி ஃப்ளாட் என்றும், ஷார்ப்5-ஐ ஃப்ளாட்13 என்றும் எழுதுவார்கள். இலக்கணச் சண்டையை விட்டுவிட்டு, வாசிப்பவர் கண்ணுக்கு பி தெரியும்படி பி என்றே எழுதுவது என் பக்கம்.

அக்கம்பக்கத்து ஸ்கேல்களோடு குழப்பிக்கொள்வதுதான் குழுவாக வாசிக்கும்போது அதிகம் நடக்கும் விபத்து. ஜி7 ஃப்ளாட்9 என்று எழுதியிருந்தால் அது ஆல்ட் ஆகிவிடாது. அரை-முழு டிமினிஷ்டாக இருக்கலாம்: ஜி, ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், பி, டி ஃப்ளாட் வரை ஆல்டர்டேதான், அங்கிருந்து பிரிந்து டி, இ, எஃப் என்று போகும். இயல்பான 5-உம் 13-உம் அதில் உண்டு. மைனரில் இன்னொன்றும் வரும்: ஜி, ஏ ஃப்ளாட், பி, சி, டி, இ ஃப்ளாட், எஃப். ஹார்மானிக் மைனரின் ஐந்தாம் படி, நம் வகுளாபரணம். அதிலும் ஃப்ளாட்9, ஃப்ளாட்13 இரண்டும் இருக்கின்றன, ஆனால் டி பிளக்கவில்லை. பியானோக்காரர் டிமினிஷ்டு என்று நினைத்து இ-யை அழுத்த, சோலோ வாசிப்பவர் ஆல்டர்டு என்று இ ஃப்ளாட்டில் நின்றால், அதைக் 'காரம்' என்று சமாளிக்க முடியாது. தொடங்கும் முன் ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் போதும்: "13 இயல்பா, ஃப்ளாட்டா?" சந்தேகமாக இருந்தால் பியானோ பி-யையும் எஃப்-ஐயும் மட்டும் பிடித்து, நிறத்தை சோலோக்காரரிடம் விட்டுவிடலாம்.

பேஸில் வாக்கிங், அதாவது அடிக்கு ஒரு சுரமாக நடப்பது, வாசிப்பவர் வழக்கமான பழக்கத்தில் ஜி-யும் டி-யும் போட்டால் அந்த டி, மேலே இருக்கும் டி ஃப்ளாட்டோடும் இ ஃப்ளாட்டோடும் இரண்டு பக்கமும் இடிக்கும். நான்கு அடிக்கு ஜி, எஃப், இ ஃப்ளாட், டி ஃப்ளாட் என்று இறங்கி அடுத்த பாரில் சி-யில் விழுவது எளிது, ஸ்கேலுக்குள்ளேயே இருக்கிறது, கடைசி அடி அரை ஸ்டெப்பில் வீடு சேர்க்கிறது.

எங்கே வாசிக்கக்கூடாது? டாமினன்ட் ஃபிஃப்த் இறங்கித் தன் வீட்டுக்குப் போகவில்லை என்றால் வேண்டாம். ப்ளூஸின் முதல் கார்டான சி7 எங்கும் போவதில்லை, அதுவே வீடு. ஆனால் ப்ளூஸின் நான்காம் பாரில் அதே சி7 அடுத்து எஃப்7-க்குத் தாவப்போகிறது, அங்கே ஆல்டர் செய்தால் பிரமாதமாக இருக்கும். அரை ஸ்டெப் இறங்கித் தீரும் டாமினன்டுக்கு, உதாரணமாக சி-க்குப் போகும் டி ஃப்ளாட்7-க்கு, ஆல்டர்டு பொருந்தாது. அதற்கு லிடியன் டாமினன்ட். இன்னொன்று, பாட்டின் மெட்டே அந்த இடத்தில் இயல்பான 5, 9, 13 எதிலாவது நீட்டி நின்றால் கீழே ஆல்டர்டு கார்ட் போடக்கூடாது. சோலோவில் போடலாம், மெட்டின் கீழே வேண்டாம்.

பழகுவதற்கு டிரம்பெட் கலைஞர் கென்னி டார்ஹாமின் 'ப்ளூ போஸா'வைவிட வசதியான பாட்டு கிடைப்பது கஷ்டம். பதினாறே பார், சி மைனர். 5-ஆம் பாரில் டி மைனர்7 ஃப்ளாட்5, 6-இல் ஜி7, 7-இல் சி மைனர். அதே மூன்றும் 13, 14, 15-இல் மறுபடி வருகின்றன. மேலே கொடுத்த வரியை இரண்டு இடத்திலும் அப்படியே வைக்கலாம். 10-ஆம் பாரில் ஏ ஃப்ளாட்7 டி ஃப்ளாட் மேஜருக்குப் போகிறது. ஆல்டர் செய்ய விதி இடம் கொடுக்கிறது, ஆனால் சாவி (கீ, பாட்டின் ஆதார சுரம்) மாறி மேஜர் வெளிச்சம் வரும் இடம் அது. அங்கே சாதாரண டாமினன்டை விட்டுவைத்தால் 14-இல் வரும் ஆல்டர்டு இன்னும் எடுப்பாக இருக்கும்.

இந்த மைனர் டூ-ஃபைவ்-ஒன்னில், அதாவது சாவியின் இரண்டாம், ஐந்தாம், முதலாம் படிக் கார்டுகள் வரிசையாக வருவதில், விரலுக்கு ஒரு விளையாட்டு உண்டு. டி மைனர்7 ஃப்ளாட்5-க்கு எஃப் மெலடிக் மைனர், ஜி7 ஆல்ட்டுக்கு ஏ ஃப்ளாட் மெலடிக் மைனர், சி மைனருக்கு சி மெலடிக் மைனர். ஒரே சிறு பிடியை எஃப்-இல் வாசித்து, மூன்று அரை ஸ்டெப் ஏற்றி, பிறகு நான்கு ஏற்றினால் மூன்று கார்டும் முடிந்துவிடும்.

மற்ற சாவிகளுக்குப் போகும்போது பி7-இல் தொடங்குங்கள். பி ஆல்டர்டு என்பது சி மெலடிக் மைனரின் சுரங்கள்: பி, சி, டி, இ ஃப்ளாட், எஃப், ஜி, ஏ. பியானோவில் ஒரே ஒரு கறுப்புக் கட்டை. இ மைனரில் போய் முடியும். ஸ்கேலை ஏறி இறங்குவதற்கு முன், இடது கையில் பி, இ ஃப்ளாட், ஏ மூன்றையும் பிடித்துக்கொண்டு, பிளந்த நான்கையும் ஒவ்வொன்றாக வாயால் பாடி, போகவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள்: சி இறங்கி பி, டி இறங்கி சி வழியாக பி, எஃப் இறங்கி இ, ஜி இறங்கி எஃப் ஷார்ப். மெட்ரோனோமை 60-இல் வைத்து, அடியை 2-லும் 4-லும் கேட்டுப் பழகினால் ஸ்விங்கும் கூடவே வரும்.

கிட்டாரில் இரண்டு பிடி போதும். ஆறாம் தந்தி 3-ஆம் கட்டத்தில் ஜி, ஐந்தாம் தந்தி ஒலிக்கக்கூடாது, நான்காம் தந்தி 3, மூன்றாம் தந்தி 4, இரண்டாம் தந்தி 4, முதல் தந்தி 6. இது ஷார்ப்9-உம் ஷார்ப்5-உம் உள்ள ஜி7. சுண்டுவிரலை மட்டும் எடுத்து முதல் தந்தியை 4-க்கு இறக்கினால் ஃப்ளாட்9. அடுத்து மூன்றாம் கட்டத்தில் ஒரே விரலைத் தந்திகளின் குறுக்கே படுக்கவைத்து (பார் பிடித்து) சி மைனர்7: ஐந்தாம் தந்தி 3, நான்காம் தந்தி 5, மூன்றாம் தந்தி 3, இரண்டாம் தந்தி 4, முதல் தந்தி 3. மேல் தந்தியை மட்டும் தனியாகக் கேட்டால் 6, 4, 3: பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், ஜி.